தாள் காயாத ஊரிலிருந்து

ஏற்காடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் திருமணம் நல்லபடியாக நடந்ததில் மெத்த மகிழ்ச்சி. முழங்கால் சொன்னபடி கேட்டிருந்தால் முதல் பந்தியிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஓய்வு பெற்றதும் சேலத்து வீட்டோடு இருந்துவிடுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானோ கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி இங்கே வந்துவிட்டேன். நீர்வண்ணக்காரனுக்கு இதைப் போல வம்பான ஊர் கிடையாது. கார்த்திகையில் மூடுபனி சன்னல் வழியே உள்ளேயே வந்துவிடுகிறது. சேலத்து வெயிலில் சட்டென்று காயும் பூச்சு, இங்கே மதியம்வரை ஈரமாகவே கிடக்கிறது. பொறுக்காமல் அடுத்த பூச்சை வைத்தால் இரண்டும் கலங்கிச் சேறுதான். அல்ட்ராமரீன் நீலத்துக்கு மட்டும் இந்த ஈரம் கொண்டாட்டம். மெல்ல இறங்கித் தாளின் பள்ளங்களில் மணல் மணலாகப் படிகிறது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் பனி நிற்பது அதிலேயே வந்துவிடும். நான் காப்பி குடிக்கப் போகலாம்.

நான் பாடம் நடத்திய ஓவியத் துறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டுகளில் தூரிகையைவிடக் கோப்புகளைத்தான் அதிகம் தொட்டேன். அது போகட்டும். நீர்வண்ணத்தைக் கடைசிவரை முதலாண்டுப் பயிற்சியாகவே வைத்திருந்தார்களே, அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை. எண்ணெய் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி தீட்டலாம். இதில் போட்டது போட்டதுதான். அப்படியென்றால் இதை இறுதியாண்டில் அல்லவா வைக்க வேண்டும்? கூட்டத்தில் சொன்னேன், குறிப்பேட்டில் ஒரு வரியானது, அவ்வளவுதான். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் என்றால் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர் என்று மாணவர்கள் டக்கென்று சொல்லுவார்கள். இளமையில் அவர் பெயர் வாங்கியது மலபார் நீர்வண்ணக் காட்சிகளால் என்றால் நம்பாமல் பார்ப்பார்கள்.

வகுப்பில் வாயால் சொல்லிப் புரியாததைக் கருப்பூர் பக்கம் அழைத்துப்போய்க் காட்டுவேன். ஓமலூர் சாலையில் மாக்னசைட் தாது வெட்டிக் கொட்டிய வெள்ளைக் குவியல்கள் நினைவிருக்கிறதா? உச்சி வெயிலில் கண் கூசும். பிள்ளைகள் உடனே வெள்ளை ட்யூபைத் திறப்பார்கள். மூடி வைக்கச் சொல்லுவேன். வானத்தையும் நிழல் பக்கத்து இளம் ஊதாவையும் மட்டும் தீட்டி, குவியல் இருக்கும் இடத்தில் தாளைத் தொடாமல் விட்டால் போதும். கை சும்மா இருக்கப் பழகுவதற்குள் பாதிப் பேருக்குப் பருவத்தேர்வே வந்துவிடும்.

நீ சென்னை மூர் மார்க்கெட் வாசலில் வரைந்த பழைய புத்தகக் கடைப் படங்களைக் கூடத்தில் மாட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். வெயில் விழும் சுவர் வேண்டாம். அதில் இருப்பது அலிசரின் கிரிம்சன் சிவப்பு என்றால் வெளிறிவிடும். கண்ணாடி தாளில் ஒட்டாதபடி இடையில் அட்டை கொடுக்கச் சொல். கட்டடமே 1985இல் எரிந்துபோயிற்று; படமாவது மிஞ்சட்டும்.

தை பிறந்ததும் வா. பனி குறைந்திருக்கும், தாளும் காயும். வரும்போது நல்ல கோபால்ட் நீலம் ஒரு ட்யூப் வாங்கி வா, எனக்கு இங்கே அகப்படுவதெல்லாம் மாணவர் ரகம்தான். பணத்தை நேரில் தருகிறேன். வேண்டாம் என்று நாடகம் போடாதே.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்