செயலாளர் ஆண்டறிக்கை: கட்டடத்துக்குள் இருப்பிடம் காணும் சோதனைகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கைபேசி வரைபடத்தில் நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி சரியான இடத்தில் நிற்பதுபோலத் தெரிந்தால் போதாது, தரையில் அளந்து பார்க்க வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். இந்த ஆண்டின் பெரும்பகுதி அந்த வேலையிலேயே போனது.

உள்ளே நுழைந்ததும் ஜிபிஎஸ்ஸை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் வெட்டவெளியிலேயே மிக மெலிந்தது. உள்ளே எட்டுவதில் பெரும்பாலும் சுவரிலும் கண்ணாடியிலும் பட்டுச் சுற்றி வந்ததுதான். 50 நானோநொடி தாமதமானாலே தூரக் கணக்கில் 15 மீட்டர் கூடிவிடும். அதனால் அளவு டேப்பும் லேசர் அளவியும் கொண்டு, தூண்களிலிருந்து அளந்து, தரையில் குறிப்புள்ளிகள் ஒட்டினோம். சலிக்காமல் முட்டிபோட்டு இதைச் செய்த இளம் உறுப்பினர்களுக்குச் சங்கம் கடன்பட்டிருக்கிறது. வாசல், ஜன்னல் ஓரங்களில் எல்1, எல்5 என்ற இரண்டு ஜிபிஎஸ் அலைவரிசைகளையும் வாங்கும் கைபேசிகள் நிதானமாக இருந்தன. எல்5-இன் குறியீடு பத்து மடங்கு வேகமானது. நேரே வந்த சிக்னலையும் எதிரொலித்து வந்ததையும் பிரிப்பது அதில் எளிது.

வைஃபை விஷயத்தில் நாம் செய்த தவறையும் பதிவு செய்கிறேன். சிக்னல் வலிமையை இடவாரியாகப் பதிந்து ஒப்பிடும் ஃபிங்கர்பிரிண்ட் முறையில், பதிந்த கைபேசியாலேயே அன்றே சோதித்தோம். முடிவு பிரமாதமாக வந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். அப்புறம் வேறு கைபேசியோடு, ஆள் நடமாட்டம் உள்ள நேரத்தில் போனபோது கணக்கு கலைந்துவிட்டது. மனித உடம்பே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விழுங்கும். யாராவது ரவுட்டரை இடம் மாற்றினால் பழைய பதிவு பயன்படாது. இனி பதிந்தவர் சோதிக்கக் கூடாது. நாளும் கைபேசியும் வேறாக இருக்க வேண்டும்.

நடந்தபடி செய்த முதல் சோதனைகளையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் இயங்கும் செயலிகூட 2 நிமிடத்துக்கு 4 முறைதான் வைஃபையைத் தேட முடியும். நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவரை அது 30 மீட்டர் பின்னால் காட்டலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் டெவலப்பர் அமைப்பில் இதை நீக்கலாம். ஆனால் பொதுமக்கள் கைபேசியில் கட்டுப்பாடு இருக்கும், ஆகவே இரண்டு நிலையிலும் அளக்கிறோம்.

கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையே வைஃபை சிக்னல் போய்வரும் நேரத்தை அளக்கும் ஆர்டிடி முறைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. அதை ஏற்கும் ரவுட்டர்கள் குறைந்தது மூன்று எட்டினால் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இடம் கிடைக்கும். அப்படிப்பட்ட ரவுட்டர்கள் இன்னும் போதுமான அளவில் இல்லை.

முடிவுகளில் சராசரியை மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டோம். நூற்றுக்கு 95 முறை பிழை எத்தனை மீட்டருக்குள் அடங்குகிறது என்பதையும், தளம் மாறிப்போன தடவைகளையும் தனியாக எழுதுகிறோம். ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டினாலும் ஆம்புலன்ஸ் ஊழியர் கூப்பிட்டுப் பார்த்து வந்துவிடுவார். தளம் மாறினால் வேறு மாடியில் தேடிக்கொண்டிருப்பார். தளத்தைக் காற்றழுத்தத்தை வைத்துக் கணிக்கிறோம்: 3 மீட்டர் உயர்ந்தால் அது சுமார் 0.35 ஹெக்டோபாஸ்கல் குறையும். வானிலை மாற்றமே சில மணி நேரத்தில் அந்த அளவைத் தாண்டும் என்பதால், ஒவ்வொரு முறையும் வாசலில் அழுத்தத்தைப் புதிதாகக் குறித்துக்கொள்கிறோம்.

வரும் ஆண்டில் படிக்கட்டுகளும் அடித்தளமும் சோதனைக்கு வருகின்றன. வேறு வேறு மாடல் கைபேசிகள் தேவை. பழையது வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவுங்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்