கரும்பலகையில் யார் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வகுப்பாசிரியர் வெளியே போனதும் வகுப்புத் தலைவர் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர்களை அடுக்குவது நம் தொடக்கப் பள்ளிகளில் இன்னும் ஓயவில்லை. இந்தப் பட்டியலை நிறுத்த வேண்டும். தலைவருக்கு வேண்டியவன் பெயர் அதில் ஏறாது. வேண்டாதவன் பெயர் வாய் திறக்காமலே ஏறும். சில பிள்ளைகளுக்கோ, வகுப்பே திரும்பிப் பார்ப்பதால் அதுவே பரிசாகிவிடுகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. மாலைவரை அழிக்காமல் விட்ட பெயர் அந்தப் பிள்ளையை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பட்டியலுக்குப் பதிலாக வகுப்புக்கு விதிகள் மூன்று போதும்; அவற்றையும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். 'கத்தாதே' என்றால் வேறென்ன செய்வது என்று பிள்ளைக்குத் தெரியாது. 'கை உயர்த்திப் பேசுவோம்' என்றால் தெரியும். ஜூனில் முதல் இரண்டு வாரம் இவற்றைப் பாடம் போலவே செய்து பழக்க வேண்டும். சத்துணவுக்குக் கை கழுவும் வரிசையை வகுப்பறையில் விளக்கினால் நிற்காது. குழாயடிக்கே ஐந்தைந்து பேராக அனுப்பிப் பழக்க வேண்டும். சொல்லிக்கொடுக்காத ஒன்றுக்குத் திட்டுவது நியாயமில்லை.

'குட் பாய்' என்ற பாராட்டு எதற்கென்று பிள்ளைக்குப் புரியாது. 'கீழே கிடந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தாயே, நல்லது' என்று உடனே, பக்கத்தில் போய்ச் சொன்னால் புரியும்.

1969இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நான்காம் வகுப்பொன்றில் சோதித்த 'நன்னடத்தை விளையாட்டு' நமக்கும் பொருந்தும். வகுப்பை அணிகளாகப் பிரித்து, விதி மீறினால் அணிக்கு ஒரு கோடு போட வேண்டும். பிள்ளையின் பெயர் பலகைக்கு வராது. நான்கு கோட்டைத் தாண்டாத எல்லா அணிகளுக்கும் வெற்றி. தொடக்கத்தில் 10 நிமிடம் போதும். நாள் முழுக்க நீட்டினால் சலித்துவிடும். ஒரே பிள்ளையால் ஓர் அணி தோற்றுக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் அவன்மேல் பாய்வார்கள். அப்போது அவனால் தாக்குப்பிடிக்க முடிகிற 5 நிமிடத்துக்கு ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். பரிசு மிட்டாயாக வேண்டாம், ஒரு கதையோ கூடுதலாக 5 நிமிட விளையாட்டோ போதும். முன்கூட்டியே பரிசு பேசிவைத்தால் விரும்பிச் செய்வதிலும் ஆர்வம் குறையும் என்று 1973இல் வெளிவந்த, மழலையர் ஓவியம் வரைவது பற்றிய ஆய்வு காட்டியிருக்கிறது.

இரண்டே ஆசிரியர்கள் எல்லா வகுப்புகளையும் பார்க்கும் ஈராசிரியர் பள்ளிகளில் சத்தம் பெரும்பாலும் வேலையில்லாமல் காத்திருக்கும் வகுப்பிலிருந்துதான் வருகிறது. வெளியே போகுமுன் 10 நிமிட வேலையைப் பலகையில் எழுதிவைத்தால் பாதிச் சத்தம் அடங்கும். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பயிற்சிக்காகக் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.