கறுத்த வெள்ளியைக் கழுவுமுன்

அருங்காட்சியகங்களில் உலோகப் பொருள்களைப் பராமரிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பராமரிப்புப் பதிவேடுகளில் ஒரு வரி இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது: "இயற்கை முறையில் சுத்தம் செய்யப்பட்டது." வெள்ளியின் கறுப்பைப் போக்கப் பயன்படும் தயோயூரியா என்ற வேதிப்பொருளை விட்டொழித்த நிம்மதி அதில் தெரிகிறது. அமிலம் சேர்த்த அந்தக் கரைசல் கறுப்பை நொடியில் கரைக்கும், வெள்ளியையும் அரிக்கும். நுண்குழிகளில் மிச்சம் தங்கினால் பொருள் முன்னைவிட விரைவாகக் கறுக்கும். புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற ஐயமும் அதன்மேல் உண்டு. போனது நல்லதுதான்.

ஆனால் அதன் இடத்துக்கு வந்த புளிக்கரைசல் என்ன செய்கிறது? வெள்ளியின் மேலுள்ள கறுப்பு, வெள்ளி சல்பைடு. புளியின் டார்டாரிக் அமிலத்துக்கோ எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்துக்கோ அது கரையாது. இவை கரைப்பது செம்பின் ஆக்சைடையும் பச்சைக் களிம்பையும். ஸ்டெர்லிங் எனப்படும் கலப்பு வெள்ளியில் 7.5 விழுக்காடு வேற்று உலோகம், பெரும்பாலும் செம்பு. ஆகவே களிம்பேறிய கலப்பு வெள்ளிக்குப் புளி உதவும். நெடுநேரம் ஊறவிட்டால் மேற்பரப்பிலுள்ள செம்பையும் இழுத்துவிடும். கறுப்பு போயிருந்தால், அதைப் போக்கியது பெரும்பாலும் தேய்த்த கைதான். (புளியோடு உப்பும் சேர்க்கிறவர்கள் வெள்ளியை அரிக்கும் குளோரைடை வலிய அழைத்து வருகிறார்கள்.)

பூந்திக்கொட்டை நேர்மையானது. அதில் நுரைக்கும் பொருளான சப்போனின் பிசுக்கையும் தூசியையும் எடுக்கும், சல்பைடைத் தொடாது. பல பொருள்களுக்கு அதுவே போதும். நுரையின் மிச்சம் இல்லாமல் அயனி நீக்கிய நீரில் அலச வேண்டும், அவ்வளவுதான்.

அலுமினியத் தாளும் சோடாவும் கொண்ட முறை சல்பைடை மீண்டும் வெள்ளியாக்கும் என்பது உண்மை. திரும்பி வரும் வெள்ளியோ நுண்துளைகளோடு, மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பயிற்சிக் காலத்தில் ஒரு சிறு பேழையை இப்படி முக்கியெடுத்தேன். கறுப்பெல்லாம் போயிற்று. செதுக்கிய கோடுகளில் இருந்தது அழுக்கல்ல, நியெல்லோ என்று பிறகே தெரிந்தது. அதுவும் சல்பைடுதான், ஆனால் செய்தவன் வேண்டுமென்றே நிரப்பியது. கொடிகளும் இலைகளும் தகட்டோடு தகடாக மறைந்துபோயின.

எனவே ஒரு கோரிக்கை. "இயற்கை", "வேதி" என்ற சொற்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்தப் பொருள், எவ்வளவு செறிவு, எத்தனை நிமிடம், எதால் தேய்த்தது, எதில் அலசியது, எது நீங்கியது என்று எழுதுங்கள். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்து, நுண்ணோக்கியில் பாருங்கள். மெல்லிய கறுப்புக்கு நீரில் குழைத்த நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளும் பஞ்சும் போதும். அதிலும் கொஞ்சம் வெள்ளி தேயத்தான் செய்யும், அதையும் குறியுங்கள். முலாம் பூசிய பொருளில் அதுவும் வேண்டாம்.

கழுவுமுன் காட்சிப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கந்தகம் கசியும் கம்பளி விரிப்போ ரப்பர் விளிம்போ உள்ளே இருந்தால், சுத்தம் செய்ய வேண்டியது முதலில் அந்தப் பெட்டியைத்தான்.

அன்புடன்,
வெள்ளியோடு பல ஆண்டுகள் மேசையில் அமர்ந்த ஒருவர்