பாலையா, மாலையா?

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன தவணை மகளின் சொல்வதெழுதல் கொப்பியைப் பார்த்தேன். நாலாம் தரம் படிக்கிறாள். இரண்டு காதிலும் கேட்கும் கருவி போடுகிறவள். 'பாலை' வரவேண்டிய இடத்தில் 'மாலை', 'படம்' வரவேண்டிய இடத்தில் 'மடம்'. சிவப்புப் பேனையால் கோடு, கீழே 'கவனம் போதாது'.

கண்ணாடி முன்னால் நின்று இரண்டு சொல்லையும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரேமாதிரித்தான் ஒட்டிப் பிரியும். பகரத்துக்கும் மகரத்துக்கும் உள்ள வித்தியாசம் மூக்கில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை ஆசிரியரின் உதட்டைக் கவனமாகப் பார்த்ததால்தான் அந்தப் பிழையே வந்தது. ஆசிரியர் வாங்குகளுக்கு நடுவே நடந்துகொண்டே வாசித்தாராம். அவர் பின்பக்கம் போன நேரத்து நாலு சொல்லுக்கு வெறும் இடம்தான் இருந்தது.

கருவி இருக்கிறதுதானே என்பீர்கள். கண்ணாடி போட்டால் கண் தெளிவதுபோல அல்ல இது. பேச்சோடு சேர்த்து வாங்கு இழுபடுவதையும், மின்விசிறியையும், பக்கத்து வகுப்பு வாய்ப்பாட்டையும் கூட்டிவிடும். ஆசிரியர் தள்ளிப் போகப்போகப் பேச்சு அந்த இரைச்சலுக்குள் கரைந்துவிடும். ரியூசன் கொட்டகையைச் சொல்லவே வேண்டாம். தகரத்தில் மழை விழுந்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் கேட்கும்?

"கைதடி நவீல்ட் பாடசாலையில் விடலாமே" என்று, காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பாடசாலையை ஒருவர் அன்பாகத்தான் சொன்னார். சைகையால் கதைத்து வளரும் பிள்ளைக்குத் தன்னைப் போன்றவர்கள் நடுவே படிப்பது பெரிய பலம், மறுக்கமாட்டேன். என் மகள் பேசி வளர்ந்தவள், அயல் பிள்ளைகளோடு படிக்க ஆசைப்படுகிறாள். மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி 2016இல் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை சைகைமொழிக் கல்வியையும் கேட்கிறது, பொதுப் பாடசாலையில் தேவையான உதவியையும் கேட்கிறது. இடாப்பில் பெயர் பதிந்ததோடு உங்கள் வேலை முடிந்துவிடவில்லை.

சைகைமொழி தெரிந்த ஆசிரியர்களைத் திணைக்களம்தான் தரவேண்டும், சரி. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருக்க யாருடைய சுற்றறிக்கையும் வேண்டாம். பின்வாங்குப் பிள்ளை சொன்ன விடையை முன்னால் நின்று ஒருதரம் திருப்பிச் சொல்லுங்கள். வீட்டுவேலையை வாயால் சொல்லாமல் எழுதிப்போடுங்கள்.

அடுத்த சொல்வதெழுதலில் 'பாலை' என்று மொட்டையாகச் சொல்லாமல் 'பாலைப்பழம்' என்று சொல்லிப் பாருங்கள். அவளுக்கு அது நல்ல விருப்பம், பிழைவிடமாட்டாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்