அவரிடமும் கேளுங்கள்: கடலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பண்ருட்டி வட்டத்தில் வசிக்கும் நான், அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரின் அக்காவாக இம்மடலை எழுதுகிறேன். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்படி மாவட்டத்தில் அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களுக்குப் பாதுகாவலர் நியமனங்களை முடிவுசெய்யும் உள்ளூர் அளவிலான குழுவுக்கும், வங்கிகளைக் கூட்டிப் பேசும் மாவட்ட ஆலோசனைக் குழுவுக்கும் தாங்களே தலைவர் என்பதால், இதைத் தங்களிடம் வைப்பதே முறை என்று கருதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான். அறிவுசார் குறைபாடுள்ள ஒருவரின் பணம், வீடு, உடல், வேலை ஆகியவற்றைப் பற்றி யார் எந்த முடிவை எடுப்பதாக இருந்தாலும், அதற்கு முன் அவருக்குப் புரியும் சொற்களில் அவரிடம் கேட்க வேண்டும். அவர் சொன்னதைக் கோப்பில் எழுத வேண்டும்.

என் தம்பிக்கு முப்பது வயது கடந்துவிட்டது. முந்திரிப் பருப்புத் தொழிற்கூடம் ஒன்றில் பருப்பைத் தரம் பிரிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறார். முழுப் பருப்பையும் உடைந்ததையும் சொத்தையையும் அவர் பிரித்து வைத்துவிட்டால் மறுபடி பார்க்க வேண்டியதில்லை என்று கூட வேலை செய்யும் பெண்களே சொல்வார்கள். கூலி வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அவருக்குக் கழித்தல் கணக்கு வராது; ஆனால் சாம்பல் நிறத் தாள் ஐந்நூறு, மஞ்சள் தாள் இருநூறு, ஊதாத் தாள் நூறு என்பது நன்றாகத் தெரியும். வங்கியில் பணத்தை வாங்கியதும் அங்கேயே ஓரமாக நின்று நிறவாரியாக அடுக்கி, சாம்பல் நிறத் தாள்களை அம்மாவுக்கென்று சட்டையின் உள்பையில் வைத்த பிறகுதான் படியிறங்குவார். பணம் எடுக்கும் சீட்டில் தொகையை நான் எழுதித் தருவேன், கையெழுத்தை அவர் போடுவார். பெயரின் கடைசி எழுத்து எப்போதும் கட்டத்தைத் தாண்டி வெளியே போய்விடும். அந்தக் கையெழுத்தை அந்தக் கிளையில் இத்தனை காலமும் எந்தத் தடையும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

கிளைக்குப் புதிதாக வந்த மேலாளர் ஒருவர், கணக்கு விவரங்களைப் புதுப்பிக்க நாங்கள் கொடுத்த மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலைப் பார்த்துவிட்டு, பாதுகாவலர் சான்று கொண்டுவரும்வரை பணம் தர இயலாது என்று கூறிவிட்டார். கூறியது என்னிடம். என் தம்பி அதே மேசையின் முன்னால், என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "அது என் காசு சார், நான் வேலை செஞ்ச காசு" என்று அவர் சொன்னபோது மேலாளர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவர கொஞ்சம் வெளிய உட்கார வைங்கம்மா, நாம பேசிக்கலாம்" என்றார். சான்றைப் பற்றி விசாரிக்கச் சென்ற அலுவலகத்திலும் இதுவேதான். என்ன வேலை செய்கிறார், தானே குளிப்பாரா, கோபம் வந்தால் அடிப்பாரா என்று எல்லாக் கேள்விகளையும் என்னிடம் கேட்டார்கள். அவர் பெயரைக்கூட என்னிடம்தான் கேட்டார்கள். அன்றிலிருந்து அவருடைய கூலி அவர் கணக்கில் சேர்கிறதே தவிர, அவர் கைக்கு வருவதில்லை. சனிக்கிழமை வந்தால் சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர், சில வாரங்களில் நிற்பதை விட்டுவிட்டார். "காசு தராத வேலைக்கு எதுக்குக்கா போகணும்?" என்று இப்போது கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கள் நிர்வாகத்திடமாவது இருக்க வேண்டும்.

அந்தக் கிளையின் பெயரையோ அலுவலகத்தின் பெயரையோ நான் எழுதவில்லை. ஒருவர்மேல் நடவடிக்கை எடுத்து மற்றவர்களை இப்படியே விட்டுவிடுவதால் எங்களுக்குப் பயன் ஏதும் இல்லை. சிறப்புப் பள்ளிகளில் நான் சந்திக்கும் பெற்றோர்கள் பலருக்கும் சொல்ல இதே போன்ற கதை ஒன்று இருக்கிறது.

சட்டத்தைத் தங்களுக்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், எங்களிடம் சான்று கேட்பவர்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியாததால் எழுதுகிறேன். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 13ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும் வங்கிக் கடன் பெறவும் மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு என்கிறது. 14ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. வேறு எந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலராகவே கருதப்படுவார் என்றும், குறிப்பிட்ட முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரோடு சேர்ந்து, அவருடைய விருப்பத்துக்கு இணங்கவே செயல்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. எங்கள் கையில் தரப்போகும் சான்றும் இதற்கு உட்பட்டதே. அப்படியிருக்க, விருப்பம் என்ன என்று கேட்காமலே விருப்பத்துக்கு இணங்குவது எவ்வாறு இயலும்?

ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயத்தால்தான் பாதுகாவலரைக் கேட்கிறோம் என்று மேலாளர் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் உண்டு. பாகப்பிரிவினையின்போது இப்படிப்பட்ட பிள்ளைகளின் கைநாட்டை வாங்கிக்கொண்டு அவர்களுக்குச் சேர வேண்டியதை எழுதி வாங்கிய உறவினர்களை நம் கிராமங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அப்படி வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள் இல்லை என்பதையும் பார்த்திருக்கிறோம். அப்பா விட்டுச்சென்ற வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் தம்பிக்கும் பங்கு உண்டு. அம்மாவுக்கு வயதாகிவிட்டதால் என்னைப் பாதுகாவலராக விண்ணப்பிக்கச் சொன்ன எவரும், எனக்கும் அவருக்கும் ஒரே சொத்தில் பங்கு இருக்கிறதா என்று கேட்கவில்லை. அக்காவை நம்புகிறீர்களா என்று அவரிடமும் கேட்கவில்லை. உதவி செய்பவருக்கும் உதவி பெறுபவருக்கும் நலன்கள் மோதும் இடத்தில் உதவி செய்பவர் விலகி நிற்க வேண்டும் என்று அதே 13ஆம் பிரிவு சொல்கிறது. என் தம்பியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அவருடைய கையெழுத்தை முழுவதுமாக என்னிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டில், என்னிடமிருந்து அவரைக் காப்பாற்ற ஒரு வழியும் இல்லை. அவரிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுதி வைத்திருந்தால், நாளை நான் தவறு செய்தாலும் அந்தக் கோப்பு அவர் பக்கம் நிற்கும்.

அவர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார், வாக்களித்தும் இருக்கிறார். நீதிமன்றம் அறிவித்தாலன்றி அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது. நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் தகுதி உள்ளவருக்குத் தன் கூலியை வாங்கும் தகுதி இல்லை என்று ஒரு கிளை மேலாளர் எந்த அதிகாரத்தில் முடிவுசெய்தார்? சண்டிகரில் அரசுக் காப்பகம் ஒன்றில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, அவர் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறார், அவருடைய சம்மதமின்றிக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009இல் அந்த உத்தரவை ரத்துசெய்தது. தாய்மை போன்ற பெரிய விஷயத்திலேயே அந்தப் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பு உண்டென்றால், ஒரு வாரக் கூலி விஷயத்தில் என் தம்பியின் சொல்லுக்கு ஏன் இல்லை? மருத்துவமனையில் ஊசி போடும்போதும், பேருந்தில் எங்கே இறங்க வேண்டும் என்றும் எங்களைக் கேட்கிறார்கள். வளர்ந்த ஓர் ஆண் தன்னைப் பற்றிய பேச்சு முழுவதையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே, தன்னிடம் ஒருவரும் பேசாததைப் பார்த்துக்கொண்டே வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. இதைக் கொடுமை என்று எழுதுவதற்கு நான் தயங்கவில்லை.

அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் தமக்காகத் தாமே பேசுவது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1974இல் அவர்களே சங்கமாகக் கூடித் தம் கோரிக்கைகளைப் பேசத் தொடங்கினார்கள். அது பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டத்தின் முன் சமமான அங்கீகாரத்தை உறுதிசெய்யும் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்டது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க நம் மாநிலம் 2025இல் சட்டத்தைத் திருத்தியது. அந்த இருக்கைகளில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களும் அமர்வார்களா, அவர்களுக்குப் புரியும்படி கூட்டங்கள் நடக்குமா என்பதெல்லாம் பிறகு பேச வேண்டியவை. இப்போது நான் கேட்பது அதைவிடச் சிறியது.

ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பாதுகாவலர் விண்ணப்பம் எதுவாயினும், சம்பந்தப்பட்டவரிடம் நேரில், எளிய தமிழில், தேவையானால் படங்களைக் காட்டியோ அவருக்குப் பழகிய ஒருவரை உடன் வைத்துக்கொண்டோ கேட்டு, அவர் பதிலை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே பதிவுசெய்யாமல் முடிவெடுக்க வேண்டாம் என்று தங்கள் தலைமையிலான குழு தீர்மானிக்க வேண்டும். எளிய மொழியும் ஒரு தொடர்பு முறை என்று 2016ஆம் ஆண்டுச் சட்டமே வரையறுத்திருப்பதால், இதற்குப் புதிய விதி ஏதும் தேவைப்படாது. அடுத்த வங்கியாளர்கள் கூட்டத்தில், ஏற்கெனவே தம் கணக்கைத் தாமே நடத்திவருபவர்களிடம் அடையாள அட்டையைக் காரணம் காட்டிப் பாதுகாவலர் சான்று கேட்டுப் பணத்தை நிறுத்தக்கூடாது என்று மாவட்டத்தின் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளர் வழியாக எல்லாக் கிளைகளுக்கும் எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். நிறுத்திவைத்திருப்பவர்கள் உடனே விடுவிக்க வேண்டும்.

இது குறித்துத் தாங்கள் விசாரிக்க விரும்பினால் நானும் தம்பியும் வரத் தயாராக இருக்கிறோம். விசாரணைக்கான கடிதத்தை அவர் பெயருக்கே அனுப்பும்படியும், கேள்விகளை முதலில் அவரிடம் கேட்கும்படியும் வேண்டிக்கொள்கிறேன். பதில் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்; அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
பண்ருட்டி வட்டத்திலிருந்து ஓர் அக்கா