அந்த நான்கு எழுத்துகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றிய கட்டுரை, ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கு எழுத்துகள் சேர்ந்து வரும் சொற்களை எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாதவை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. தோ, த்ரூ, காஃப், ரஃப் என்று சொல்லுக்குச் சொல் ஒலி மாறுவது மாணவர்களைப் படுத்தும் பாடு உண்மைதான். ஆனால், அந்த மாற்றத்துக்குக் காரணமே இல்லை என்பதை ஏற்க இயலவில்லை.

இச்சொற்களில் பெரும்பாலானவற்றின் இறுதியில், அடித்தொண்டையில் காற்று உரசி எழும் ஓர் ஒலி முன்பு இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஏரியை 'லாக்' என்று சொல்லும்போது அதை இன்றும் கேட்கலாம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்கள் நாளடைவில் அவ்வொலியை ஜி, எச் என்ற இரண்டெழுத்தால் குறிக்கலாயினர். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவியதற்குப் பிந்தைய காலத்தில் எழுத்துக்கூட்டல் சிறிது சிறிதாக இறுகிவிட, பேச்சிலோ அவ்வொலி வட்டாரத்துக்கேற்ப ஓரிடத்தில் அடியோடு மறைந்தும், மற்றோரிடத்தில் 'ஃப்' என மாறியும் போயிற்று. பொதுவழக்கு இரு வகையிலிருந்தும் சொற்களை எடுத்துக்கொண்டது.

அரிய சொற்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். டெர்பிஷயரின் ஈயச் சுரங்கங்களில் தேங்கும் நீரை வடிக்க மலையைக் குடைந்து அமைத்த சுருங்கைக்கு 'ஸஃப்' என்று பெயர். ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1771இல் குரோம்ஃபோர்டில் தொடங்கிய நூற்பாலையின் சக்கரத்தைச் சுழற்றியது, ஓர் ஓடையின் நீரோடு சேர்ந்து, அப்படியொரு சுருங்கையிலிருந்து வந்த நீர்தான். மரங்களினூடே காற்று முனகும் ஓசைக்கான பழைய சொல்லுக்கும் இதே எழுத்துகள். அதைச் சிலர் 'ஸஃப்' என்பர், சிலர் 'ஸவ்' என்பர். கார்ன்வாலின் சின்னத்தில் இடம்பெற்றுள்ள, சிவந்த அலகும் சிவந்த கால்களும் கொண்ட காக்கையினப் பறவை 'சஃப்'. லண்டனுக்கு மேற்கே உள்ள ஊர் 'ஸ்லவ்'. சதுப்பு நிலத்தைக் குறிக்கும்போதும் பிரிட்டனில் அதே உச்சரிப்புதான், அமெரிக்கர்களோ 'ஸ்லூ' என்பார்கள். அதையே பாம்புச் சட்டை என்ற பொருளில் 'ஸ்லஃப்' என்று படிக்க வேண்டும். காரணம், இவை வேர் வேறான இரு சொற்கள். எழுத்தில் மட்டும் ஒன்றாகிவிட்டன.

உண்மையிலேயே காரணமற்றது என்று குறை சொல்ல ஒரு சொல் உண்டு. விக்கலின் ஓசையைப் பின்பற்றிப் பிறந்த 'ஹிக்கப்' என்ற சொல்லை, அது இருமலோடு தொடர்புடையது என்று தவறாகக் கருதி, பிற்காலத்தில் இந்த நான்கு எழுத்துகளைச் சேர்த்தும் எழுதத் தொடங்கினார்கள். உச்சரிப்பில் பழைய 'ப்' அப்படியே நின்றது. கட்டுரையாளர் தந்த நீண்ட பட்டியலில் இது மட்டும் விடுபட்டுள்ளது. தொடரின் அடுத்த பகுதியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.