பக்கத்து மேசை அம்மாவுக்கு

1876–78 தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி ஆய்வும் நாவலும் சேர்ந்த ஒரு வேலையை முதுகலைப் படிப்புக்காகச் செய்கிறேன். பக்கிங்காம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அப்போது பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அங்கே மண் சுமந்த ஒரு பெண்தான் என் கதையின் நாயகி. ஆனால் ஆவணக் காப்பகத்தில் எடுத்த பழைய ஆங்கிலக் கடிதங்களின் கையெழுத்து எனக்குப் பிடிபடவே இல்லை.

நீங்கள் எதுவும் கேட்கவில்லை. ஒரு துண்டுத்தாளில் அந்த எழுத்துகளைப் பென்சிலால் வரிசையாக எழுதி என் பக்கம் நகர்த்தினீர்கள். எது 'யு', எது 'என்' என்று சுழியைத் தொட்டுக் காட்டினீர்கள். 1877-ல் நாளுக்கு ஒரு பவுண்டு தானியக் கணக்கில் கூலியைக் குறைத்ததை அப்படித்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பசித்தவர்களின் வயிற்றை அளந்த அந்த வரியில் கை நின்றுவிட்டது.

அப்புறம் தாளை இரண்டாக மடித்தீர்கள். “இடப்பக்கம் காகிதம் சொல்றது, வலப்பக்கம் நீ கற்பனை பண்றது. ரெண்டும் கலக்காம இருந்தா தைரியமா எழுதலாம்மா.” ஆய்வு முறை பற்றி நான் கேட்டதில் இதுதான் உருப்படியானது.

அம்மா, பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். அந்த அத்தியாயம் முடிந்துவிட்டது. மிக்க நன்றி. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், முதல் பிரதி உங்களுக்குத்தான்.